இலண்டன் குத்தகை வீடும் அதன் ஆயுள் நீட்டிப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எமக்கும் இங்கிலாந்து தேசத்து வீட்டுப் பத்திரத்திற்கும் யாது தொடர்பு என்று உங்களுட் சிலர் வினவக்கூடும். வினா நேரியதே. நம் மரபில் தோன்றிய இளைஞர் பலர் மருத்துவராகவும் பொறியாளராகவும் கணக்கராகவும் இலண்டன் மாநகரிற் குடியேறி வாழ்கின்றனர். அவர்கள் அங்கு வீடு வாங்குங்கால் முன்பணத்தில் ஒரு கூறு இங்கிருந்து செல்கின்றது. புன்செய் விற்ற பணமும், தாய்மார் கழற்றிக்கொடுத்த நகையின் பணமும் அதில் உண்டு. பணம் சென்றபின், ‘பிள்ளை வீடு வாங்கிவிட்டான்’ என்று ஊரெங்கும் சொல்லி மகிழ்கின்றோம். வாங்கியது வீடுதானா, அன்றிச் சில ஆண்டுகள் வீட்டிலிருக்கும் உரிமை மட்டுந்தானா என்று கேட்பாரில்லை. அத்தகைய பத்திரங்கள் சிலவற்றைப் பொருள் சொல்லுமாறு எம்மிடம் கொணர்ந்தோர் உளர். சொற்பொருள் ஆராய்வது எம் தொழிலாதலின் படித்தோம்; படித்தபின் அந்நாட்டுச் சட்டங்களையும் தேடிக் கற்றோம். அதன் பயனை இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

திருக்குறளில் நிலையாமை அதிகாரம் படித்தோர் துச்சில், புக்கில் என்னும் இரண்டு சொற்களை அறிவர். பிறர் மனையில் ஒதுங்கிச் சிலகாலம் இருக்குமிடம் துச்சில். புகுந்தபின் நீங்காது தங்கும் தன் மனை புக்கில். இலண்டனில் நம் பிள்ளைகள் வாங்கும் மாடிவீடு இவ்விரண்டில் எதுவுமன்று. விலையோ புக்கிலின் விலை. பத்திரமோ துச்சிலின் பத்திரம். அப்பத்திரத்தை அந்நாட்டார் லீஸ் என்பர். நாம் குத்தகை என்போம்.

நம் சென்னையில் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்குவோர்க்கு, அக்கட்டடம் நிற்கும் மனையில் பிரிபடாத பாகம் இத்துணைச் சதுரஅடி என்று கிரயப் பத்திரத்தில் எழுதித் தருகின்றனர். கட்டடம் ஒருநாள் இடிந்துபோயினும் மண்ணில் நம் பங்கு நிற்கும். இங்கிலாந்திலும் வேல்ஸ் நாட்டிலும் மாடிவீடு வாங்குவோர் பெரும்பாலோர்க்கு மண்ணிற் பங்கு இல்லை. அடிமனைக்குரியவர் வேறொருவர். அவரிடமிருந்து 99 ஆண்டுக்கோ 125 ஆண்டுக்கோ சில இடங்களில் 999 ஆண்டுக்கோ அவ்வீட்டை மட்டும் குத்தகையாகப் பெறுகின்றோம். ஆண்டுதோறும் அடிமனை வாடகை கட்டுகின்றோம். கூரைக்கும் படிக்கட்டுக்கும் ஆகும் பழுதுச் செலவில் பங்கு தருகின்றோம். தவணை முடிந்த அன்று வீட்டின்மேலுள்ள உரிமை அடிமனைக்காரரிடம் மீளும். குடியிருப்போரை அன்றே தெருவில் நிறுத்திவிடச் சட்டம் இடந்தராது. ஆயினும் முழு வாடகை கொடுத்து இருக்கும் குடியாகத்தான் அதன்பின் இருத்தல் கூடும். கொடுத்த விலை போயிற்று என்பதே பொருள்.

இம்முறை எவ்வாறு தோன்றிற்று என்பது கேட்கத்தக்கது. 1677ஆம் ஆண்டில் மேரி டேவிஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமியை ஸர் தாமஸ் கிராஸ்வெனர் என்பவர் மணந்தார். சீதனமாக வந்தது இலண்டனுக்கு மேற்கே இருந்த 500 ஏக்கர் அளவுள்ள சதுப்பும் மேய்ச்சலுமான நிலம். இன்று மேபேர் என்றும் பெல்கிரேவியா என்றும் வழங்கும் செல்வர் வீதிகள் அந்நிலத்தின்மேல் எழுந்தவையே. அக்குடும்பத்தார் நிலத்தை விற்றிலர். ஆண்டுக் கணக்கிட்டுக் குத்தகைக்கு விட்டனர். குத்தகையாளர் தம் பொருளைக் கொண்டு வீடு கட்டினர். தவணை முடிய, கட்டிய வீடும் நிலத்தோடு மீண்டது. ஒரு கலியாணத்தின் பயன் முந்நூற்றைம்பது ஆண்டாகக் குன்றாது வருகின்றது! நம்மூர்ச் சீதனங்கள் மூன்று தலைமுறை தாங்குவதும் அரிது.

பெருநிலக்காரர் பேராசை மட்டுமே காரணமென்று சொல்லிவிடுதலும் நீதியன்று. மேல்மாடிக்காரர் கூரையைப் பழுது பார்க்கக் கீழ்மாடிக்காரரும் பொருள் தரவேண்டும் என்ற உடன்படிக்கை, முழு உரிமையோடு நிலம் விற்கப்பட்டால் அடுத்தடுத்து வாங்குவோரைக் கட்டுப்படுத்தாது என்று 1885ஆம் ஆண்டில் ஆல்டாம் நகரசபையைப் பற்றிய வழக்கொன்றில் தீர்ப்பாயிற்று. குத்தகையில் எழுதினால் கட்டுப்படுத்தும். ஆதலின் ஒருவர்மேல் ஒருவராய் அடுக்கி வாழும் வீடுகளுக்குக் குத்தகையே ஏற்றதென்று வக்கீல்மார் கொண்டனர். அதே தீவிலுள்ள ஸ்காட்லாந்தில் மாடிவீட்டை முழு உரிமையோடே வாங்குகின்றனர். அங்குள்ள கூரைகள் ஒழுகிக்கொண்டிருக்கவில்லை. 2002ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் காமன்ஹோல்டு என்னும் பொதுவுரிமை முறைக்குச் சட்டம் செய்தனர். ஆயினும் அதன்படி அமைந்த கட்டடங்கள் அடுத்த இருபதாண்டிலும் இருபதை எட்டவில்லை.

இது நிற்க. குத்தகையின் ஆயுளை நீட்டிக்க வழியுண்டா எனின், உண்டு. தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தம் கைப்பொருளால் கட்டிய வீடுகள், 99 ஆண்டுத் தவணை முடிந்து நிலக்காரர் கைக்குப் போகும் நிலை சென்ற நூற்றாண்டின் இடையில் வந்தது. அக்குறைக்கு விடையாக 1967ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அது தனிவீடுகளுக்கு மட்டுமே. மாடிவீட்டார் இன்னும் இருபத்தாறு ஆண்டு காத்திருந்து 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமை பெற்றனர். எஞ்சிய தவணையோடு 90 ஆண்டுகளைச் சேர்த்துப் புதுக்குத்தகை பெறலாம். அதன்பின் அடிமனை வாடகை ஒரு மிளகு.

ஆம், ஒரு மிளகு என்றுதான் அந்நாட்டுச் சட்டம் சொல்கின்றது. கேட்டால் ஒரு மிளகு கொடுப்பது, பெரும்பாலும் கேட்பாரில்லை. வாடகை இல்லை என்பதற்கு அது பெயர். யவனர் மரக்கலங்கள் முசிறிக்கு வந்து பொன்னுக்கு மாறாக மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றில் கற்பிக்கும் எமக்கு, அம்மிளகு விலையின்மைக்கே அடையாளமாய் ஒரு பாராளுமன்றச் சட்டத்தில் கிடப்பதைக் கண்டு நகைப்பும் உண்டாயிற்று, ஒருசிறிது வருத்தமும் உண்டாயிற்று.

நீட்டிப்புக்கு விலை கொடுத்தல் வேண்டும். அவ்விலை எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதை இங்குள்ள தாய்மாரும் தெளிதல் வேண்டும். ஏனெனின் காலந் தாழ்த்துவதால் குடும்பப் பொருள் கரையும் இடம் இதுவே. பவுன் என்று யாம் கூறுவது இங்கு ஆங்கில நாணயம். தங்கப் பவுன் அன்று.

3,00,000 பவுன் பெறுமானமுள்ள ஒரு வீடு. ஆண்டுக்கு 100 பவுன் அடிமனை வாடகை. தவணையில் 82 ஆண்டுகள் எஞ்சியுள்ளன என்று கொள்வோம். அடிமனைக்காரர்க்கு இதில் இருப்பவை இரண்டு. ஒன்று 82 ஆண்டு வாடகை. மற்றொன்று 82 ஆண்டு கழித்து மீளும் வீடு. வாடகையை ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் தள்ளி இன்றைய மதிப்புக்குக் கொணர்ந்தால் சற்றேறக்குறைய 1,650 பவுன். மீளும் வீட்டை நூற்றுக்கு 5 வீதம் தள்ளினால் ஏறத்தாழ 5,500 பவுன். இந்த ஐந்து என்னும் வீதம் 2006ஆம் ஆண்டில் ஸ்போர்டெல்லி வழக்கில் மாடிவீடுகளுக்கென்று நிலத் தீர்ப்பாயம் வகுத்தது. ஆக, நீட்டிப்பின் விலை ஏறத்தாழ 7,100 பவுன்.

அவ்வீட்டாரே பன்னிரண்டு ஆண்டு வாளாவிருந்து 70 ஆண்டு எஞ்சியபோது வருகின்றனர் என்க. கணக்கு தெளிவாயிருத்தற்பொருட்டு வீட்டின் பெறுமானம் ஏறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வாடகைப் பங்கு ஏறத்தாழ அப்படியே நிற்கும். மீளும் வீட்டின் மதிப்போ 9,860 பவுன் ஆகும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 11,500. இவ்வளவோடு நில்லாது. எண்பதாண்டு என்னும் வரம்பைத் தாண்டிவிட்டமையால் புதிதாக ஒரு பங்கு வந்து சேரும். அதன் பெயர் திருமண மதிப்பு.

பெயரைக் கேட்டு மயங்கற்க. அடிமனை ஒருவரிடமும் குத்தகை மற்றொருவரிடமும் பிரிந்திருக்குங்கால் இரண்டின் விலையையும் கூட்டினால் சிறுதொகை. இரண்டும் ஒன்றாய்ப் பொருந்தினால் பெருந்தொகை. பொருந்துவதால் மிகும் தொகையைத் திருமண மதிப்பென்று அழைத்து, அதிற் பாதியை அடிமனைக்காரர்க்குத் தரவேண்டும் என்பது 1993ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறை. எஞ்சிய தவணை 80 ஆண்டுக்கு மேற்பட்டிருந்தால் இப்பங்கு கேட்கப்படாது. நம் எடுத்துக்காட்டில், 70 ஆண்டுத் தவணையோடு வீட்டை விற்றால் 2,70,000 பவுன் கிடைக்கும், நீட்டித்தால் 3,00,000 கிடைக்கும் என்று கொண்டால், அடிமனைக்காரர் இழப்பைக் கழித்தபின் மிகுவது 18,500 பவுன். அதிற் பாதி 9,250. முன்னதனோடு கூட்ட 20,750 பவுன். அன்று 7,100 கொடுத்து முடித்திருக்கக்கூடிய காரியம்! பதிவுச் செலவும், நம் ஸாலிஸிட்டர் மதிப்பீட்டாளர் கூலியும், அவர்தரப்பு ஸாலிஸிட்டர் மதிப்பீட்டாளர்க்கு நாமே தரவேண்டிய கூலியும் இதற்குப் புறம்பானவை.

இப்பாதிப் பங்கு அவர்க்கு ஏன் என்று கேட்பார்க்கு எம்மிடம் விடையில்லை. வீட்டைப் பேணியவரும் கடன் கட்டியவரும் குத்தகைக்காரர். நாட்கள் கழிந்ததே அடிமனைக்காரர் செய்த உழைப்பு.

இவ்வாறே பலர் கருதியதன் விளைவாக 2024ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் புதுச்சட்டம் ஒன்று நிறைவேறியது. நீட்டிப்பு 90 ஆண்டன்று, 990 ஆண்டு. திருமண மதிப்பு ஒழிக. அவர்தரப்புச் செலவை நாம் சுமத்தல் பெரும்பாலும் வேண்டா என்பன அதன் பிரிவுகள். பெருநிலக்காரரும் சில அறநிலையங்களும் இது தம் சொத்துரிமைக்கு மாறானது என்று உயர்நீதிமன்றம் ஏறினர்; 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவ்வழக்குகள் தள்ளப்பட்டன. முன்னர் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து மேற்சொன்ன கிராஸ்வெனர் குடும்பத்தின் அறங்காவலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 1986ஆம் ஆண்டில் தோற்றதும் உண்டு.

ஆனால் ஒன்று நுனித்தறிதல் வேண்டும். அந்நாட்டில் சட்டம் நிறைவேறுதல் வேறு, பிரிவுகள் நடைமுறைக்கு வருதல் வேறு. வீடு வாங்கி இரண்டாண்டு கழிந்தபின்னரே நீட்டிப்புக் கேட்கலாம் என்றிருந்த தடையை நீக்கும் பிரிவு 2025 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 990 ஆண்டும் திருமண மதிப்பு ஒழிவும் அதனோடு வந்தனவல்ல. அவற்றிற்குத் தனி ஆணைகள் வேண்டும். சட்டம் வந்துவிட்டது என்று செய்தித்தாளிற் படித்துவிட்டு, எல்லாப் பிரிவும் கைக்கு வந்துவிட்டதாக எண்ணி ஏமாறுவோர் பலர்.

அங்ஙனமாயின் காத்திருப்பதா, இன்றே செய்வதா? எம் கருத்து இது. தவணையில் 81, 82 ஆண்டு எஞ்சியிருப்போர் ஒருநாளும் காத்திருத்தலாகாது. வாராத சட்டத்தை நம்பி எண்பதைக் கடந்துவிட்டால் இருந்த நலமும் போம். எண்பதுக்குக் கீழே ஏற்கெனவே இறங்கிவிட்டோர், விற்கவும் மறுகடன் வாங்கவும் எண்ணமில்லையாயின், அப்பிரிவுகள் எந்நாள் தொடங்கும் என்பதைத் தக்க ஸாலிஸிட்டரிடம் கேட்டறிந்து, பொறுப்பதால் வரும் நலத்தையும் ஆண்டுதோறும் ஏறும் விலையையும் சீர்தூக்கிச் செய்யலாம். அறுபதை நெருங்கியோர்க்கு அந்த வசதி குறைவு. குறுகிய தவணைமேல் அடைமானக் கடன் தரப் பல பாங்குகள் பின்வாங்கும். கடன் கிடையாத வீட்டைக் கைப்பணம் உடையவரே வாங்குவர், அவர்கள் கேட்கும் விலைக்கு.

தவணையை எண்ணுங்கால் நிகழும் மயக்கம் மிகப் பெரிது. ‘99 ஆண்டுக் குத்தகை’ என்று பத்திரத்திற் கண்டால், நாம் வாங்கிய நாளிலிருந்து 99 என்று கொள்கின்றோம். அன்று. முதற் குத்தகை எழுதிய நாளிலிருந்து எண்ணுதல் வேண்டும். 1987ஆம் ஆண்டு தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2086இல் முடியும். 2006ஆம் ஆண்டிலேயே அது எண்பதைத் தொட்டுவிட்டது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகரசபை வீடுகளைக் குடியிருந்தோர்க்கே விற்றனர். அவற்றுள் மாடிவீடுகள் பல 125 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டவை. விலை சற்றுக் குறைவென்று நம்மவர் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். 1985இல் எழுதப்பட்டது 2030இல் எண்பதாகும். 125 என்னும் எண் பெரிதாகத் தோன்றுவதனால் அதனுள்ளே நாள் கழிந்துகொண்டிருப்பது தெரிவதில்லை. அந்நாட்டு நிலப்பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்தி, எவ்வீட்டின் பதிவுப் படியையும் எவரும் பெறலாம், இங்கிருந்தே பெறலாம். தொடங்கிய நாளும் தவணையும் முதற்பக்கத்திலேயே இருக்கும்.

செய்முறை இது. 42ஆம் பிரிவின்படி விலையொன்று குறித்து அடிமனைக்காரர்க்கு அறிவிப்பு விடுத்தல் வேண்டும். அவ்வறிவிப்பு நாளே மதிப்பீட்டு நாள். 80 ஆண்டும் ஒரு கிழமையும் எஞ்சியிருக்க அறிவிப்புச் சேர்ந்துவிட்டால், வழக்கு ஓராண்டு இழுத்தாலும் திருமண மதிப்பு வாராது. மறுமொழிக்கு இரண்டு மாதத்திற்குக் குறையாத நாள் கொடுத்தல் வேண்டும். மறுமொழி வந்தபின் விலை பேசி இசையாவிடின், மறுமொழி வந்த ஆறு மாதத்திற்குள் தீர்ப்பாயத்தை அடைதல் வேண்டும். அந்நாளைத் தவறவிட்டால் அறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும். மீண்டும் விடுக்க ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். அவ்வோராண்டில் எண்பது கழிந்துபோனால் நேர்வதை மேலே கணக்கிட்டுக் காட்டினோம்.

இவ்வழியன்றி, ‘நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம், செலவு குறையும்’ என்று அடிமனைக்காரரே கடிதம் விடுப்பதும் உண்டு. சிலபோது அது நன்றாயும் முடியும். அடிமனைக்காரருள் ஓய்வூதிய நிதிகளும் அறநிலையங்களும் உள்ளன. எல்லாரும் வஞ்சகர் அல்லர். ஆயினும் அத்தகைய பத்திரமொன்றில், சேர்க்கப்படும் ஆண்டு சில, பழைய தவணை முடியும்வரை உயர்ந்துகொண்டே போகும் வாடகை என்று எழுதியிருத்தல் கூடும். பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் வாடகை என்னும் விதியைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுக. 250 பவுன் ஐம்பதாண்டில் 8,000 பவுன் ஆகும். 2022 ஜூன் 30 முதல் எழுதும் புதுக்குத்தகைகளில் இத்தகைய வாடகையைச் சட்டம் தடுத்துவிட்டது. பேசி நீட்டிக்கும் குத்தகையிலோ பழைய தவணையின் எஞ்சிய ஆண்டுகளுக்கு வாடகை தொடர இடமுண்டு.

சிங்கப்பூரில் உறவினரை உடையோர் இக்கூட்டத்திற் பலர் இருத்தலின் அதனையும் ஒருவார்த்தை கூறுகின்றோம். அங்கு அரசாங்க வீடமைப்புக் கழகத்தார் வழங்கும் வீடுகளும் 99 ஆண்டுக் குத்தகையே. ஆனால் இங்கிலாந்திற்போலக் குத்தகைக்காரர் கேட்டால் நீட்டித்தே ஆகவேண்டும் என்னும் உரிமை அங்கில்லை. கேலாங் மூன்றாம் லோரோங்கில் 60 ஆண்டுக் குத்தகையில் நின்ற 191 வீடுகள், 2020 டிசம்பர் 31இல் தவணை முடிந்து ஈட்டுத்தொகையின்றி அரசாங்கத்திற்கு மீண்டன. ஆதலின் இலண்டன் விதியைச் சிங்கப்பூர் உறவினர்க்கும், சிங்கப்பூர் விதியை இலண்டன் உறவினர்க்கும் எடுத்துச்சொல்லி இருவரையும் குழப்பாதிருத்தல் வேண்டும்.

இறுதியாக, பத்திரத்தில் தந்தையார் பெயரும் சேர்ந்துள்ள குடும்பங்களுக்கு ஒன்று. அறிவிப்பில் உரிமையாளர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒப்பமிடுதல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு முன்னர் இருந்தது. தந்தையார் இங்கிருக்க, மகன் அங்கிருக்க, கடிதம் போய்வருவதற்குள் நாள் கழியும். 2014ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனை நீக்கிற்று. உரிமையாளர் சார்பில் ஸாலிஸிட்டர் ஒப்பமிடலாம். அதற்கான இசைவைத் தந்தையார் இங்கிருந்தே எழுத்தில் அனுப்பிவிட்டாற் போதும். இந்த வாரமே அனுப்பலாம்.